பழைய செவ்ரலே பிக்கப்பில் 700ஆர்4 ஏற்றுவது: கேள்வி பதில்

1973 முதல் 1986 வரை வந்த செவ்ரலே சி10 பிக்கப்புகளில் பலவற்றில் டிஎச்350 என்கிற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருக்கும். அதை இறக்கிவிட்டு, ஓவர்டிரைவ் (எஞ்சினைவிட வெளித்தண்டு வேகமாகச் சுற்றும் கடைசி கியர்) உள்ள நாலு கியர் 700ஆர்4 ஏற்றுவது பற்றி வந்த கேள்விகள் இவை. 350 வி8 எஞ்சின், கார்புரேட்டர், பின்சக்கர டிரைவ் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஹைவேயில் எஞ்சின் கத்துது சார். மாத்தினா எவ்வளவு அடங்கும்?

டிஎச்350-இன் கடைசி கியர் விகிதம் 1.00, 700ஆர்4-இன் கடைசி கியர் விகிதம் 0.70. 28 அங்குல டயர், பின் ஆக்சிலின் கியர் விகிதம் 3.73 என்றால் 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,770 சுற்று ஓடும் எஞ்சின் 1,940-க்கு இறங்கும். முதல் கியரும் 2.52-இலிருந்து 3.06 ஆவதால் புறப்படும்போது இழுவை கூடும். ஆனால் முதலில் ஆக்சிலைப் பாருங்கள். 3.08 ஆக்சிலோடு ஓவர்டிரைவில் 1,600 சுற்றுதான் வரும். லோடு ஏற்றி மேடு ஏறினால் மூணுக்கும் நாலுக்கும் மாறி மாறித் தடுமாறும்.

கேள்வி: பழைய பாக்ஸ் வாங்கப் போறேன். எந்த வருஷம் எடுக்கலாம்?

1982-இல் வந்த பாக்ஸ் இது. 1984 வரை வந்ததில் இன்புட் ஷாஃப்ட் (எஞ்சின் பக்கத்துத் தண்டு) 27 பல், அதற்குப் பிறகு 30 பல். 1987-க்குப் பிந்தியதை எடுங்கள். 1990-இலிருந்து பெயர் 4எல்60 ஆனது, பாக்ஸ் அதேதான். 1993-இலிருந்து வந்த 4எல்60ஈ கம்ப்யூட்டர் இல்லாமல் கியர் மாறாது. கடையில் எல்லாவற்றையும் "4எல்60" என்றே விற்பார்கள், பெயரை நம்பாதீர்கள். பக்கவாட்டில் டிவி கேபிள், அதாவது த்ராட்டில் வால்வு கேபிள், மாட்டும் துளை இருந்தால்தான் நமக்கு வேண்டியது.

கேள்வி: புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டணுமா?

உங்கள் பழைய பாக்ஸின் வாலை, அதாவது பின்பக்க நீட்டிப்புக் கூட்டைப் பொறுத்தது. 6 அங்குல வால் உள்ள டிஎச்350-இன் நீளம் சுமார் 27.7 அங்குலம், 700ஆர்4 சுமார் 30.75. அப்படியென்றால் ஷாஃப்டில் ஏறக்குறைய 3 அங்குலம் குறைக்கணும். 9 அங்குல வால் என்றால் பழைய ஷாஃப்டே பொருந்திவிடும். இரண்டுக்கும் அவுட்புட் தண்டு 27 பல்தான், யோக் (ஷாஃப்டின் முனையில் பாக்ஸுக்குள் நுழையும் துண்டு) அதுவே போகும். வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போது அளக்கணும். யோக் உள்ளே முட்டும் இடத்திலிருந்து ஒரு அங்குலம் வெளியே இருக்கட்டும். சின்ன வால் பாக்ஸிலிருந்து மாற்றினால் பாக்ஸைத் தாங்கும் மவுண்ட் 2 அங்குலம் பின்னால் போகும், அது உட்காரும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரையும் நகர்த்துங்கள்.

கேள்வி: ஏத்திட்டேன், பெல்ஹவுசிங் (பாக்ஸோட முன்பக்கக் கூடு) எஞ்சினோட ஒட்டலை, கால் அங்குலம் இடைவெளி நிக்குது. போல்ட் போட்டு இழுக்கலாமா?

இழுக்காதீர்கள்! எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் முழுசாக உட்காரவில்லை என்று அர்த்தம். போல்ட்டை இறுக்கினால் உள்ளே ஆயில் பம்ப் உடையும், ஸ்டார்ட் செய்த உடனே பாக்ஸ் போச்சு. இறக்குங்கள். கன்வெர்ட்டரை லேசாகத் தூக்கி, சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். 'டக்' என்று ஒவ்வொரு கட்டமாக விழும். கடைசியாக விழுவது பம்ப் கியரில், பலர் ஏமாறுவது அங்கேதான். பெல்ஹவுசிங் போல்ட்டுகளை இறுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்றணும். ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் (எஞ்சினின் பின்னால் சுற்றும் தட்டு) அதற்கும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கணும். பிறகுதான் அதை முன்னே இழுத்து மூன்று போல்ட்டைப் போடுங்கள். 700ஆர்4 கன்வெர்ட்டருக்கு 10 மி.மீ. மெட்ரிக் போல்ட், பழைய 3/8 அங்குல போல்ட் சேராது. எஞ்சின் பிளாக்கின் பின்பக்கம் பாக்ஸை நேராக உட்கார வைக்கும் இரண்டு டவல் பின்னும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பாக்ஸ் நடு தவறி பம்ப் புஷ் தேய்ந்துவிடும்.

கேள்வி: டிவி கேபிள் கிக்டவுன் கேபிள் மாதிரிதானே? அப்புறமா மாட்டிக்கலாமா?

இதில்தான் நிறைய பாக்ஸ் செத்திருக்கிறது. டிஎச்350-இல் கேபிள் இல்லாவிட்டால் கிக்டவுன் (ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் கீழ் கியருக்கு இறங்குவது) மட்டும் போகும், பிரஷரை எஞ்சினின் வெற்றிடத்தில் இயங்கும் வாக்குவம் மாடுலேட்டர் பார்த்துக்கொள்ளும். 700ஆர்4-இல் ஆயில் பிரஷரையே ஆக்சிலரேட்டரோடு ஏற்றுவது இந்தக் கேபிள். அது தளர்ந்திருந்தால் குறைந்த பிரஷரில் கிளட்ச் நழுவி, மூணு-நாலு கிளட்ச் கொஞ்ச தூரத்திலேயே கருகிவிடும். கேபிள் மாட்டாமல் ஷெட்டிலிருந்து வாசல் வரைகூட ஓட்டாதீர்கள்.

செட்டிங் இப்படி. எஞ்சினை அணைத்து, கார்புரேட்டர் பக்கம் உள்ள பட்டனை அமுக்கி, கேபிளின் ஸ்லைடரைக் கடைசிவரை ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) பக்கம் தள்ளி, பட்டனை விடுங்கள். இப்போது த்ராட்டிலைக் கையால் முழுசாகத் திறங்கள். ஸ்லைடர் 'கட கட' என்று நகர்ந்து நிற்கும் இடம்தான் செட்டிங். ஹோலி, எடல்ப்ராக் கார்புரேட்டர்களில் லீவரின் கோணம் வேறு, அதற்கென விற்கும் சரிசெய்யும் பிராக்கெட் இல்லாமல் எவ்வளவு செட் செய்தாலும் வராது. கியர் சீக்கிரமாக, வழவழவென்று மாறினால் சொகுசு என்று சந்தோஷப்படாதீர்கள், கேபிள் தளர்வு. தாமதமாக, அடித்து மாறினால் அதிக இறுக்கம். சந்தேகம் இருந்தால் பிரஷர் கேஜ் மாட்டி, கேபிளை இழுக்க இழுக்க முள் ஏறுகிறதா பாருங்கள்.

கேள்வி: லாக்கப் வயரைச் சும்மா விட்டா?

கன்வெர்ட்டரை நழுவாமல் பூட்டுவதுதான் லாக்கப். அது இல்லாமல் வண்டி ஓடும், ஆனால் கன்வெர்ட்டர் நழுவிக்கொண்டே இருப்பதால் ஹைவேயில் ஆயில் சூடேறும். 12 வோல்ட்டை பிரேக் சுவிட்ச் வழியாகவும், நாலாவது கியர் பிரஷர் சுவிட்ச் வழியாகவும் கொடுங்கள். பிரேக் மிதித்தால் லாக்கப் விடணும், இல்லையென்றால் எஞ்சின் நின்றுவிடும்.

கேள்வி: வாங்கின பாக்ஸ்ல முதல் கியரும் மூணாவது கியரும் வருது. ரெண்டாவது, நாலாவது, ரிவர்ஸ் எதுவும் வரலை.

உள்ளே சன் கியரைச் சுற்றும் கூடான சன் ஷெல் உடைந்திருக்கிறது, இந்தக் குடும்பத்துப் பாக்ஸில் அடிக்கடி வரும் கோளாறு. ஆயில் மாற்றிப் பயனில்லை, பிரித்தே ஆகணும். கெட்டியான ஷெல் தனியாகக் கிடைக்கும், அதைப் போடுங்கள்.

கேள்வி: ஆயில் எவ்வளவு? பழைய கூலரே போதுமா?

காலியான பாக்ஸும் கன்வெர்ட்டரும் சேர்த்து சுமார் 11 குவார்ட், அதாவது பத்தரை லிட்டர். ஆயில் டெக்ஸ்ரான் 3 அல்லது 6 வகை. கன்வெர்ட்டரில் ஒரு குவார்ட் ஊற்றிவிட்டு ஏற்றுங்கள். டிப்ஸ்டிக் குழாய் வழியாக 5 குவார்ட், ஸ்டார்ட் செய்ததும் ஓடும்போதே மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக. சமதரையில், பாக்ஸ் சூடாகி, எஞ்சின் ஓடும்போது, பார்க்கில் வைத்து அளவு பாருங்கள்.

பழைய பாக்ஸ் கருகிப் போயிருந்தால் அதன் தூள் கூலரில் நிற்கும். லைனை இருபக்கமும் கழுவுங்கள், முடிந்தால் கூலரையே மாற்றிவிடுங்கள். ஸ்டார்ட் செய்த பிறகு ரிட்டர்ன் லைனை ஒரு வாளியில் விட்டுப் பாருங்கள், 20 விநாடியில் ஒரு குவார்ட்டாவது கொட்டணும். அதைவிடக் குறைவாகச் சொட்டினால் உடனே எஞ்சினை அணைத்துவிட்டு அடைப்பைத் தேடுங்கள்.