அப்பாவை முதல் கட்ட ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: 62 வயதான என் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. கீமோவும் இம்யூனோதெரபியும் கொடுத்தாயிற்று. கட்டி மறுபடி வளர்கிறது. மரபணுப் பரிசோதனையில் 'கேராஸ் ஜி12சி' என்ற மரபணு மாற்றம் இருப்பதாக வந்திருக்கிறது. அதைக் குறிவைக்கும் புது மாத்திரையின் முதல் கட்ட ஆய்வில் சேரலாம் என்கிறார் டாக்டர். 'சோதனை எலி ஆக்காதீங்க' என்று அம்மா அழுகிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகர், கோவை

பதில்: அம்மாவின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. 'இந்த மருந்து இவரைக் குணமாக்குமா?' என்பது முதல் கட்ட ஆய்வின் முதன்மையான கேள்வி அல்ல. 'உடம்பு எவ்வளவு தாங்கும், எந்த அளவில் கொடுக்கலாம்?' என்பதுதான். கட்டி சுருங்குகிறதா என்றும் பார்ப்பார்கள். ஆனால் அது இரண்டாவது.

பழகிய முறை இது. மூன்று பேருக்குக் குறைந்த அளவு கொடுத்து மூன்று நான்கு வாரம் கவனிப்பார்கள். கடுமையான பாதிப்பு இல்லையென்றால் அடுத்த மூவருக்கு ஒரு படி கூட்டுவார்கள். ஒருவருக்குப் பாதிப்பு வந்தால் அதே அளவில் இன்னும் மூவர். இரண்டு பேருக்கு வந்தால் அதற்கு மேல் போகமாட்டார்கள். சரியான அளவு பிடிபட்ட பிறகு, அதே அளவில் நிறையப் பேரைச் சேர்ப்பதுதான் விரிவாக்கப் பகுதி. ஆகவே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது: அப்பா சேரப்போவது எந்தப் பகுதியில், எத்தனையாவது படியில்?

அது ஏன் முக்கியம் என்பதற்கு இமாடினிப் என்ற மாத்திரையைச் சொல்லலாம். 1998இல் ரத்தப் புற்றுநோயாளிகளிடம் தொடங்கிய அதன் முதல் ஆய்வில் ஆரம்ப அளவு 25 மி.கி. பிறகு 300 மி.கி.யும் அதற்கு மேலும் எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்கள் சீராகின. அதாவது, முதல் படியில் சேருபவருக்குக் கிடைப்பது பலன் தரும் அளவைவிட மிகக் குறைவாக இருக்கலாம். ஆனால் எல்லா மருந்தும் இமாடினிப் ஆகிவிடாது. அப்பாவின் அதே மரபணு மாற்றத்துக்கு வந்த சோட்டோராசிப்பைப் பாருங்கள். 2020இல் வெளியான அதன் முதல் கட்ட ஆய்வு முடிவில், நுரையீரல் புற்றுநோய் இருந்த 59 பேரில் 19 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. பெருங்குடல் புற்றுநோய் இருந்த 42 பேரில் மூன்றே பேருக்கு. மாற்றமும் ஒன்று, மாத்திரையும் ஒன்று. ஆனால் கட்டி எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் வருகிறது. அமெரிக்கா 2021இல் அதற்கு அனுமதி கொடுத்தது. பின்னால் பழைய ஊசி மருந்தான டோசிடாக்சலோடு ஒப்பிட்டபோது, நோய் வளராமல் இருந்த காலம் 4.5 மாதத்திலிருந்து 5.6 மாதமாகத்தான் கூடியது.

இதனால் இன்னொரு கேள்வியும் எழுகிறது: அதே இலக்குக்கு ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்து அப்பாவுக்குக் கிடைக்க வழி உண்டா? உண்டென்றால் ஏன் முதலில் ஆய்வு? நல்ல டாக்டர் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2000 முதல் 2019 வரை ஆதரித்த முதல் கட்ட ஆய்வுகளில், மருந்தாலேயே இறந்தவர்கள் 0.7 சதவீதம். கேராஸைக் குறிவைக்கும் மாத்திரைகளில் வயிற்றுப்போக்கும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் கல்லீரல் நொதிகள் ரத்தத்தில் ஏறுவதும் சகஜம்.

நடைமுறைக்கு வருவோம். முதல் நாள் கையில் ஊசி செருகி, மாத்திரை போட்டபின் அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று மாலை வரை ரத்தம் எடுப்பார்கள். தலையணை, படிக்க ஏதாவது, துணைக்கு ஒருவர் வேண்டும். வீட்டில் மாத்திரை டைரியில் நேரம் குறிக்க வேண்டும். அப்புறம் நம் ஊரில் எல்லா மருந்துச் சீட்டிலும் ஒட்டிக்கொண்டு வரும் பான்டோபிரசோல், அதாவது 'கேஸ் மாத்திரை': சோட்டோராசிப்பை உடல் உறிஞ்சுவதை அது குறைத்துவிடும். நாட்டு மருந்து உட்பட அப்பா சாப்பிடும் அத்தனையையும் ஒரு பையில் போட்டு ஆய்வு டாக்டர் முன் கொட்டிவிடுங்கள்.

ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டும் என்கின்றன 2019 விதிகள். பயணச் செலவு, தங்கும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான சிகிச்சை அதனால் நிற்காது. சேருவதென்றால் அவர் நடமாடும் நிலையில் இருக்கும்போதே சேரவேண்டும்; படுத்த பிறகு பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் அம்மா சொன்னது இருக்கிறது, டாக்டர் சொன்னது இருக்கிறது. அப்பா என்ன சொன்னார் என்று இல்லை. 'அவருக்குத் தெரியவேண்டாம் டாக்டர்' என்று வாசலிலேயே கையைப் பிடிக்கும் குடும்பங்களை வாரந்தோறும் பார்க்கிறேன். ஆய்வில் அந்த ஏற்பாடு நடக்காது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து அவருடையது. தமிழ்ப் படிவத்தை வீட்டுக்கு வாங்கி வந்து, இரண்டு மூன்று நாள் எடுத்து, அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.