பழைய செங்கல் சுவரில் ஏறும் ஈரம்: கேள்வி பதில்

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி): ஐயா, எங்களுடையது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பாட்டனார் காலத்து வீடு. 2011 டிசம்பரில் வீசிய தானே புயலுக்குப் பிறகு கிழக்குச் சுவருக்குச் சிமெண்டு பூசி, நீர்த்தடுப்புப் பெயிண்டும் அடித்தோம். இப்போது உள்பக்கம் உப்புப் பூத்துச் செங்கல் உதிர்கிறது. மறுபடியும் பெயிண்டு அடிக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தைக் குடித்து, வெயிலில் அதை வெளியே விட்டுவிடும் இயல்புடையது. சிமெண்டுப் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை அவற்றின் வழியே நுழைந்து, பெயிண்டு மூடியிருப்பதால் திரும்ப வழியின்றி உள்பக்கமாகக் காய்கிறது. வரும்போது உப்பையும் கரைத்துக் கொண்டுவருகிறது. அந்த உப்பு மேற்பரப்பை ஒட்டிப் படிகமாகும்போது உண்டாகும் அழுத்தத்தில்தான் செங்கல் பொரிகிறது.

முதலில் மாடிக் கைப்பிடிச் சுவரின் தலையிலும் மழைநீர்க் குழாயிலும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் நீர் அங்கிருந்துதான் இறங்குகிறது. பிறகு கோடையில், இயந்திரம் வைக்காமல், சிற்றுளியால் சிமெண்டைக் கொத்தி எடுங்கள். பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளிவிட வேண்டும். கழுவினால் அது மீண்டும் சுவருக்குள்ளேயே போகும். சில வாரங்கள் காயவிட்டு, ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கும் உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்குமாகக் குழைத்து இரண்டு மெல்லிய பூச்சுகளாகப் பூசி, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது மெதுவாகக் காயவிடுங்கள். மேலே வெறும் சுண்ணாம்பு அடித்தால் போதும். இந்தப் பொறுமைக்கு மாற்று எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி (கடலூர் முதுநகர்): சாந்து சீக்கிரம் இறுகக் கொஞ்சம் சிமெண்டு கலக்கலாம் என்கிறார் கொத்தனார்.

பதில்: கலக்காதீர்கள். சிமெண்டிலும் கரையும் உப்புகள் உண்டு. ஈரத்திலும் இறுக வேண்டுமானால், நன்றாகச் சலித்த செங்கல் பொடியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துச் சுர்க்கி அதுதான். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சாந்துக்குக் குழைவு தரும்.

கேள்வி (தேவனாம்பட்டினம்): தரையிலிருந்து மூன்றடி வரை மட்டும், மழை இல்லாத மாதத்திலும் சுவரில் ஓதம் (ஈரக்கசிவு) இருக்கிறது. உள்ளே டைல்ஸ் ஒட்டலாமா?

பதில்: ஒட்டினால் ஓதம் டைல்ஸுக்கு மேலே ஏறும். அது நிலத்து ஈரம். தெருவை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் வெளிமண் உங்கள் வீட்டுத் தளத்தைவிட மேலேறிவிட்டதா என்று பாருங்கள். அப்படியானால் அஸ்திவாரம் வெளிப்படாத அளவுக்கு, சுவரோரம் சிறிது சிறிதாக மண்ணை அகற்றித் தளத்துக்கு அரையடியாவது கீழே கொண்டுவந்து, ஜல்லி பரப்பி, நீர் வடிந்து போகச் சரிவு கொடுங்கள்.