தோத்தாவெல் மனிதன் நினைவுப் பதக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பிரான்ஸ் சென்றுவந்த உறவினர், தோத்தாவெல் அருங்காட்சியகத்தில் வாங்கிய பொன்னிறப் பதக்கமொன்றைத் தந்தார். இது தங்கமா? நாணயமாகச் செல்லுமா?

பதில்: இரண்டும் இல்லை. பாரிஸ் நாணயச் சாலை 1990களிலிருந்து சுற்றுலாத் தலங்களுக்காக அச்சடித்துவரும் நினைவுப் பதக்க வரிசையைச் சேர்ந்ததாக இருக்கும். அவற்றின் விட்டம் 34 மில்லிமீட்டர். பொன்னிறம் செம்புக் கலப்பு உலோகத்தால் வருவது. முகமதிப்பு, அதாவது பொறிக்கப்பட்ட பண மதிப்பு, இல்லாததால் இது பதக்கமே.

கேள்வி: யார் இந்தத் தோத்தாவெல் மனிதன்?

பதில்: பதக்கத்தைவிட இந்தக் கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தென் பிரான்சில், பெர்பிஞான் நகருக்கு வடமேற்கே தோத்தாவெல் ஊரருகே உள்ள அராகோ குகையில், ஆன்றி த லும்லே, மரி-அந்துவானெத் த லும்லே ஆகியோரின் அகழாய்வுக் குழு 1971 ஜூலை 22 அன்று, முகமும் நெற்றியும் சேர்ந்த மண்டையோட்டுப் பகுதியொன்றைக் கண்டெடுத்தது. அராகோ 21 என எண்ணிடப்பட்ட அதன் வயது ஏறத்தாழ 4,50,000 ஆண்டுகள். அதற்கு முன்பே அங்கு இரண்டு கீழ்த்தாடைகள் கிடைத்திருந்தன. அதே மண்டையோட்டுக்குரியதாகக் கருதப்படும் பக்கவாட்டு எலும்பு 1979இல் கிடைத்தது. நியாண்டர்தால்கள் என்னும் அழிந்துபோன மனித இனத்துக்கு முற்பட்ட ஐரோப்பியரின் முகத்தை இந்த அளவு காட்டும் எச்சங்கள் மிகச் சிலவே என்பதால்தான் இதற்கு இத்தனை மதிப்பு. இவரை ஹோமோ எரெக்டஸ் என்னும் தொல்மனித இன வரிசையில் சேர்ப்பதா, ஹோமோ ஹைடல்பெர்கென்சிஸ் என்னும் மற்றொரு தொல்மனித இனம் எனக் கொள்வதா என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. மண்ணின் அழுத்தத்தில் மண்டையோடு உருக்குலைந்திருந்தது. மூக்கு நுனியும் உதடும் எலும்பில் தடம் விடுவதில்லை. ஆகவே பதக்கத்திலோ சிலையிலோ தசையோடு தோன்றும் முகம் எதுவாயினும், அது கலைஞரின் அறிவார்ந்த ஊகம் என்றே கொள்ள வேண்டும்.

கேள்வி: என் பதக்கத்தில் ஆண்டு இல்லை. இது அரிதானதா?

பதில்: ஆண்டு இல்லை என்பதால் மட்டும் அரிதாகிவிடாது. தொடக்ககாலப் பதக்கங்கள் பலவற்றில் ஆண்டு இல்லை. சில யூரோவுக்கு விற்கப்பட்ட பொருளுக்குப் பெருந்தொகை கேட்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: பதக்கம் கருத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் உலோகத்தின் மேற்பரப்பையே அரித்துவிடும். சாம்பலோ மெருகுப் பொடியோ நுண்கோடுகளை விட்டுச் செல்லும். சேகரிப்பாளர்கள் இயல்பான கருமையை ஏற்பார்கள், தேய்த்த பளபளப்பை ஏற்பதில்லை. அழுக்கு ஒட்டியிருந்தால், காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, மென்மையான பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். மென்மையான பி.வி.சி. உறைகள் நாளடைவில் செம்புக் கலவையில் பச்சைக் கறையை உண்டாக்குவதால், அமிலமற்ற காகித உறையோ பாலியெஸ்டர் உறையோ பயன்படுத்துங்கள்; ஈரப்பதம் மிகுந்த ஊரென்றால் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் வையுங்கள்.