பொதுவான காப்பகங்கள் இருக்கும்போது அபோரிஜினல் பெண்களுக்குத் தனி அமைப்புகள் எதற்கு?

"ஆஸ்திரேலியாவில் வீடில்லாதவர்களுக்கும் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் பொதுவான காப்பகங்கள் இருக்கின்றன, அப்புறம் இந்த நாட்டுப் பூர்வீகக் குடிகளான அபோரிஜினல் மக்களுக்கு மட்டும் தனியாக எதற்கு, இது பிரிவினை இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் இங்கே புதிதாக வந்து கம்யூனிட்டி சர்வீசஸ் டிப்ளமோ படிக்கிறவர் என்று தோன்றுகிறது. வகுப்பில் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' (உதவி பெறுபவர் தன் பண்பாட்டோடு பாதுகாப்பாக உணர்வது) என்று ஒரு பாடம் நடத்தியிருப்பார்கள், தேர்வுக்கு நாலு வரி எழுதியிருப்பீர்கள். நானும் இதே கேள்வியோடுதான் ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் டார்வின் நகருக்கு வந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அந்த மக்களுக்காகப் பேச வரவில்லை, அதற்கு அவர்களே இருக்கிறார்கள். என் கையால் நடந்த ஒரு தவறைத்தான் எழுதப் போகிறேன்.

அப்போது ஒரு பொதுப் பெண்கள் காப்பகத்தில் இரவுப் பணி. நவம்பர் மாதம், மழைக்கு முந்தின அந்தப் புழுக்கம், ராத்திரி இரண்டு மணிக்குக்கூடச் சட்டை முதுகில் ஒட்டும். மணி அடித்தது. கேமராவில் ஒரு பெண், இரண்டு குழந்தைகள், கூட வயதான ஓர் அம்மாள். பெண்ணுக்கு ஒரு கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. சின்னவன் அந்த அம்மாளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். அம்மாளின் இடது முழங்கையில் டயாலிசிஸ் ஊசி போட்ட இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும். ஆர்னம் லாண்ட் என்ற அபோரிஜினல் பகுதியின் கிராமத்திலிருந்து டயாலிசிஸ்க்காக டார்வினுக்கு வந்தவர், துணைக்கு வந்தவள் இந்தப் பெண், பின்னாலேயே அவள் கணவனும் வந்திருக்கிறான். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விதிதான்: பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் மட்டுமே இடம்.

"இவர் யார்?" என்றேன். "என் அம்மா" என்றாள். சரி, விதிவிலக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று கணினியைத் திறந்தால், அவளுடைய பழைய பதிவில் தாய் இறந்துவிட்டார் என்று இருக்கிறது. நான் அதை அவளிடமே சொன்னேன். இறந்தவரின் பெயரையும் சொன்னேன். அவர்களில் பல சமூகங்களில் இறந்தவரின் பெயரை உச்சரிப்பதில்லை என்று பயிற்சி வகுப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பொய் பிடிபட்டுவிட்டது, வெட்கப்படுகிறாள் என்று.

அந்த அம்மாள் அவளுடைய அம்மாவின் அக்கா.

நான் திண்டுக்கல் பக்கம் வளர்ந்தவள். எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்துப் பத்து நாள் பக்கத்திலேயே இருந்தது என் பெரியம்மா. அப்படிப்பட்ட நான் ஒரு பெண்ணிடம் "சொந்த அம்மா இல்லையே" என்று கேட்டேன். இதை இப்போது தட்டச்சு செய்யும்போதும் கை ஒரு நொடி நிற்கிறது.

அதோடு விட்டேனா? ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காமல் சட்டத்தை வாசித்தேன். டார்வின் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரி ஆட்சிப்பகுதியில் 2009 முதல், வீட்டு வன்முறையில் ஒருவருக்குக் கடுமையான காயம் என்று தெரிந்தால் வயது வந்த யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். குழந்தைக்கு ஆபத்து என்று நினைத்தாலும் அப்படித்தான். சொல்லவேண்டியது என் கடமை, அது தவறில்லை. ஆனால் அந்த வார்த்தைகள் அவள் காதில் என்னவாக விழுந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. 1910 முதல் 1970 வரை அரசே அபோரிஜினல் குழந்தைகளைத் தாயிடமிருந்து பறித்துக்கொண்டு போன நாடு இது. டார்வினில் அப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்திருந்த ரெட்டா டிக்ஸன் இல்லம் 1980 வரை இயங்கியது. அரசாங்கம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதே 2008இல்தான். இன்றும் அரசுப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளில் பத்தில் நான்கு பேருக்கு மேல் பூர்வீகக் குடிப் பிள்ளைகள், மொத்த மக்கள்தொகையில் பூர்வீகக் குடியினர் 3.8 சதவீதம்தான். கையில் படிவத்தோடு ராத்திரியில் நிற்கும் ஒரு வெளியாள் அவளுக்கு யாராகத் தெரிவாள்? போலீஸ் என்றால் மட்டும் என்ன? 2014இல் மேற்கு ஆஸ்திரேலியாவில், குடும்பத்தார் விருப்பப்படி 'மிஸ் டூ' என்று மட்டும் குறிப்பிடப்படும் 22 வயதுப் பெண், வன்முறைப் புகாருக்காக வந்த போலீசாராலேயே கட்டாத அபராதப் பணத்துக்காகக் கைது செய்யப்பட்டுக் காவலில் இறந்தாள். அந்த மாதிரிக் கதைகள் ஒவ்வொரு வீட்டிலும் தெரியும்.

அம்மாளை டாக்சியில் வேறு இடத்துக்கு அனுப்புகிறேன், நீ பிள்ளைகளோடு உள்ளே வா என்றேன். காலையில் அம்மாளுக்கு மறுபடி டயாலிசிஸ். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தூங்கின சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நால்வருமாகப் போய்விட்டார்கள். வெளியே புல்வெளியில் படுத்துத் தூங்குவதை இங்கே 'லாங் கிராஸ்' என்பார்கள். அங்கேதான் போயிருக்கிறார்கள். நாலாம் நாள் அவள் கணவன் அங்கே வந்து அவளைக் கண்டுபிடித்தான். கை முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

விதிப்படி நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று மேலாளர் சொன்னார்.

கொஞ்ச மாதத்தில் அபோரிஜினல் பெண்களே நடத்தும் ஓர் அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எல்லோரும் ஆன்ட்டி என்று மரியாதையாகக் கூப்பிடும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "உங்கள் ஊரில் அம்மாவின் அக்காவை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்?" என்றார். பெரியம்மா என்றேன். அதற்கு என்ன பொருள் என்றார். பெரிய அம்மா என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் தேநீர் ஊற்ற எழுந்துபோனார். அவர்களில் பல மொழிக் குழுக்களுக்கு அம்மாவின் சகோதரிகள் எல்லோரும் அம்மா, அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தம்பி அக்கா தங்கை, தாய்மாமன் பிள்ளைகள் மட்டும் வேறு முறை. நமக்கு யாராவது இதைப் பாடம் எடுக்க வேண்டுமா?

அங்கே வேலை வேறு மாதிரி நடந்தது. முதலில் தேநீர், அப்புறம் "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை", படிவம் மறுநாள்கூட வரலாம். சட்டம் அங்கேயும் அதே சட்டம்தான், ஆனால் அதைச் சொல்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, போலீஸ் வந்தால் நானும் கூட இருப்பேன் என்று சொல்லிவிட்டுச் சொல்வார். ஊரில் சாவு என்றால் ஒரு வாரம் போய்வரலாம், படுக்கை அப்படியே இருக்கும். என் பழைய இடத்தில் இரண்டு இரவு வராவிட்டால் படுக்கை வேறு ஆளுக்கு. பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்தைக் கொண்டுவந்தவர் நியூசிலாந்தின் மாவோரி செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன். கிடைத்த உதவி பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்லவேண்டியது உதவி பெற்றவர்தான், கொடுத்தவர் இல்லை என்பது அவர் வாதம். நான் ஊரில் படித்த எம்.எஸ்.டபிள்யூ என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பில் இது வரவே இல்லை.

'அப்போ இதுவும் ஒதுக்கீடு மாதிரி சலுகையா' என்று கீழே யாராவது கேட்பீர்கள், எனக்குத் தெரியும். 2021 கணக்கெடுப்பில் வீடில்லாதவர்களில் ஐந்தில் ஒருவர் பூர்வீகக் குடி. அதில் பெரும்பாலோர் தெருவில் இல்லை, இன்னும் நாலு அறையாவது தேவைப்படும் அளவுக்கு நெரிசலான வீட்டில் இருக்கிறார்கள். அடி விழுந்தால் அடுத்த அறைக்குப் போக அறை கிடையாது. 'அவங்க கலாசாரமே அப்படித்தான்' என்பவர்களுக்கு, அந்தப் பெண்களை அடிக்கிற ஆண்களில் வேறு இனத்தவரும் நிறைய. நம் வீடுகளில் அடி விழவில்லையா? இங்கே நம்மவர்கள் நடத்தும் பொங்கல் விழாவில், டார்வினின் பூர்வீகக் குடிகளை மதித்து "லராக்கியா மக்களின் நிலத்தில் கூடியிருக்கிறோம்" என்று தாளைப் பார்த்து வாசித்துவிட்டு, சாப்பாட்டு வரிசையில் அவர்களைப் பற்றிப் பேசுகிற பேச்சைக் கேட்டு நான் அந்த விழாவுக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

தனி அமைப்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். எங்களிடம் வர மறுத்த பெண்களும் உண்டு. வரவேற்பில் இருப்பது கணவனின் அக்காவாக இருந்தால் எப்படி வருவாள்? அவளுக்குப் பொதுக் காப்பகம்தான் வேண்டும். அதனால் இரண்டும் இருக்கவேண்டும், எது என்று அவள் தேர்ந்தெடுக்கவேண்டும். பல தனி அமைப்புகளுக்குப் பணம் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்றுதான் வருகிறது, அதனால் பழகின ஊழியர் பாதியில் போய்விடுகிறார்.

நீங்கள் பிளேஸ்மென்ட் என்ற களப்பயிற்சிக்குப் போகும் இடத்தில் படிவத்தை வாங்கிப் பாருங்கள். தாய் என்ற இடத்தில் ஒரே ஒரு கோடுதான் இருக்கும். நான் அதன் கீழே பேனாவால் இன்னும் இரண்டு கோடு போட்டுவிட்டுத்தான் கேட்க ஆரம்பிக்கிறேன்.