ஏசி கேஸ் தீர்ந்துபோகுமா?

கேள்வி: ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் என் காரில் குளிர்ச்சி குறைந்ததால் கேஸ் நிரப்பினேன். இரண்டே மாதங்களில் மீண்டும் குறைந்தது, மறுபடியும் நிரப்பினேன். ‘கேஸ் தீர்ந்துபோவது இயல்புதான்’ என்கிறார் மெக்கானிக். அது சரியா?
– வாசகர், கீழக்கரை

பதில்: சரியல்ல. பெட்ரோலைப் போல எரிந்து தீர்கிற பொருளன்று அது. மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றிவருவது. ரப்பர் ஹோஸ்கள் வழியே ஆண்டுக்கணக்கில் சிறிதளவு கசியலாம் என்றாலும், இரண்டு மாதங்களில் குளிர்ச்சி போகிறதென்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது.

உங்கள் ஊரில் நான் முதலில் சந்தேகிப்பது, கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சரைத்தான். ரேடியேட்டருக்கு முன்னால், எதிர்க்காற்றை நேராக வாங்கும்படி பொருத்தப்பட்ட அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளில், பாம்பன் பாலத்திலும் தனுஷ்கோடிச் சாலையிலும் வீசும் உப்புக்காற்று படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, உலோகத்தைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடுவதால், கசிந்த இடத்தில் ஈரம் தெரியாது. கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசருக்காக அதனுடன் சுற்றிவரும் ஆயில் மட்டும் வெளியேறிப் புழுதியோடு சேர்ந்து பிசுக்காகப் படிந்திருக்கும். டார்ச் அடித்து அந்தக் கறையைத் தேடச் சொல்லுங்கள். தென்படாவிட்டால் நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். டேஷ்போர்டுக்குள் இருந்து காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரில் கசிவு என்றால்தான் வேலை பெரிது.

அரித்துப்போன கண்டன்சரைப் பற்றவைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அடுத்த புள்ளி பக்கத்திலேயே காத்திருக்கும். கண்டன்சரையே மாற்றும்போது, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் மாற்றி, வேக்கம் பம்ப்பை அரை மணி நேரமாவது ஓடவிட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் நீக்கிய பிறகு, பானெட் ஸ்டிக்கரில் குறித்துள்ள கிராம் கணக்குப்படி எடை போட்டு கேஸ் ஏற்ற வேண்டும். கசிவை விட்டுவிட்டு கேஸ் மட்டும் நிரப்பிக்கொண்டே போனால், வெளியேறிய ஆயில் ஈடுசெய்யப்படாமல் கம்ப்ரசர் இறுகிவிடும். அதன் விலையைக் கேட்டால் கண்டன்சர் மலிவாகத் தெரியும்.

கடலோரப் பயணம் முடிந்ததும் கிரில் வழியாகக் கண்டன்சரை மெதுவாகக் கழுவுங்கள். ஆனால் உவர்ப்பான போர் தண்ணீரால் கழுவுவது உப்பின் மேல் உப்பைப் பூசுவதாகும். நல்ல தண்ணீர் ஒரு குடம் போதும்.

கேள்வி: முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. கேஸ் கசிவா?
– வாசகர், தொண்டி

பதில்: இல்லை. காற்றிலுள்ள ஈரம் எவாப்பரேட்டரில் குளிர்ந்து நீராகிறது. கடலோரக் காற்றில் அது சற்று அதிகமாகவே இருக்கும். அந்த நீர் வெளியேறும் ட்ரெயின் குழாய் அடைத்திருக்கிறது. வண்டிக்கு அடியிலிருந்து அடைப்பை எடுத்துவிட்டால் போதும். இதற்கெல்லாம் கேஸ் நிரப்பச் சம்மதிக்காதீர்கள்.