சிறிய கட்சி, கூட்டணிப் பட்டியல்

கேள்வி: உக்ரைனில் சமூக ஜனநாயகக் கட்சி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிகள் இருந்தன. ஓனோபென்கோவின் கட்சி எது, மெத்வெத்சுக்கின் கட்சி எது? அதிபர் தேர்தலில் அரை விழுக்காடு வாக்குகூட வாங்காத தலைவரின் கட்சி எப்படி நாடாளுமன்றத்துக்குள் போனது?
– வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். உக்ரைன் சமூக ஜனநாயகவாதிகள் 1990-இல் கட்சி தொடங்கக் கூடிய முதல் மாநாட்டிலேயே இரண்டாகப் பிரிந்தார்கள். 1990-களின் நடுவில் சில சிறு கட்சிகள் சேர்ந்து ‘ஐக்கிய’ சமூக ஜனநாயகக் கட்சி உருவானது. முன்னாள் நீதி அமைச்சர் வசில் ஓனோபென்கோதான் அதன் தலைவர். 1998 தேர்தலில் அது பெற்றது 4.01 விழுக்காடு. நாடாளுமன்றத்தில் பட்டியல் இடம் பெறக் குறைந்தது 4 விழுக்காடு வேண்டும்; இதுதான் நுழைவு வரம்பு. செல்லாத வாக்கையும் மொத்தத்தில் சேர்த்துத்தான் அந்த விழுக்காட்டைக் கணக்கிட்டார்கள், அதனால் விழுக்காடு சற்றுக் குறையும்; மயிரிழையில் தப்பியது என்றே சொல்ல வேண்டும்.

வெற்றிக்குப் பிறகுதான் வீடு உடைந்தது. பணமும் செல்வாக்கும் கொண்ட வழக்கறிஞர் விக்டர் மெத்வெத்சுக், டைனமோ கீவ் காற்பந்துக் குழுவின் கிரிகோரி சுர்கிஸ் ஆகியோரின் கை ஓங்கியது. அதே 1998-இல் தலைமை மெத்வெத்சுக்கிடம் போனது. ஓனோபென்கோ வெளியேறி ‘உக்ரைனிய சமூக ஜனநாயகக் கட்சி’யைத் தொடங்கினார். அதிபர் தேர்தலில் அரை விழுக்காடும் வாங்காத தலைவர் இவர்தான்; நீங்கள் கேட்ட சிறிய கட்சி இதுதான். பெயரில் ‘ஐக்கிய’ இருந்தால் மெத்வெத்சுக். இல்லாமல் 1998-க்குப் பிறகு எதிரணித் தலைவர் யூலியா திமோஷென்கோவோடு நின்றால் ஓனோபென்கோ.

இனி உள்ளே போன வழி. 2002-இல் 450 இடங்களில் பாதியை, அதாவது 225-ஐ, பட்டியல் முறையில், கட்சிகள் பெற்ற வாக்கு விகிதப்படி பகிர்ந்தார்கள். கட்சிகள் கூட்டணியாக ஒரே பட்டியல் போடலாம். ஓனோபென்கோ யூலியா திமோஷென்கோ கூட்டணியில் சேர்ந்தார். அந்தக் கூட்டணிக்கு 7.26 விழுக்காடு. வரம்பைத் தாண்டிய ஆறு அணிகளின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 75.7. 7.26-ஐ 75.7-ஆல் வகுத்து 225-ஆல் பெருக்கினால் 21.6, கிடைத்தது 22 இடம். பட்டியலின் மேலிருந்து முதல் 22 பேர் உள்ளே. வாக்காளர் பெயர்களை மாற்ற முடியாது. ஆகவே சிறிய கட்சியின் பலம் வாக்கில் இல்லை, பட்டியலில் எத்தனையாவது இடம் என்று பேரம் பேசுவதில் இருந்தது.

உங்கள் ஊருக்கு இது புதிதல்ல. 2008-இல் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் மலேசிய சோசலிசக் கட்சிக்காரராக இருந்தும் பெரிய கட்சியான கெஅடிலானின் (மக்கள் நீதிக் கட்சி) சின்னத்தில் நின்றுதான் ம.இ.கா. தலைவர் சாமிவேலுவை வென்றார். 2018-இல் அக்கட்சி சொந்தச் சின்னத்தில் நின்றபோது எங்கும் வெல்லவில்லை. ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம்: சுங்கை சிப்புட்டில் மக்கள் அவர் முகம் பார்த்து, தோட்டத் தொழிலாளருக்காக அவர் உழைத்ததை அறிந்து வாக்களித்தார்கள். மூடிய பட்டியலில் அந்த உறவே உருவாகாது. ஓனோபென்கோ கட்சி மக்களிடம் வேர் விடாததற்கு இதையே முதல் காரணமாகச் சொல்வேன்.

மெத்வெத்சுக்கின் கட்சி 2002-இல் 6.27 விழுக்காடு பெற்றது. அவர் அதிபர் குச்மாவின் அலுவலகத் தலைவரும் ஆனார். தேர்தல் மோசடியை எதிர்த்து மக்கள் திரண்ட 2004 ஆரஞ்சுப் புரட்சியோடு அந்தக் காலம் முடிந்தது. 2006-இல் வரம்பு 3 ஆகக் குறைந்தும், அவர்கள் இருந்த கூட்டணி 1.01-இல் நின்றுவிட்டது. ஓனோபென்கோ அதே ஆண்டு உச்ச நீதிமன்றத் தலைவரானார்.

2011-இன் புதிய தேர்தல் சட்டம் வரம்பை 5 ஆக உயர்த்தி, கூட்டணிப் பட்டியலையும் தடை செய்தது. 2012 முதல் சிறிய கட்சிகளுக்கு அந்த வாசல் இல்லை. பெரிய கட்சியில் கரைய வேண்டும், அல்லது தனித்து நிற்க வேண்டும்.