நல்லதண்ணி விடுதியின் இணையத்தளம்: கூகுளில் தெரியும் தலைப்பை எப்படி எழுதுவது?

நல்லதண்ணியில் விடுதி நடத்துகிறீர்கள், தளம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, ஆனால் கூகுளில் எல்லாப் பக்கமும் 'முகப்பு', 'வரவேற்கிறோம்' என்றே வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இரண்டு சொற்களையும் முதலில் தூக்கிவிடுங்கள். அறை தேடுகிறவர் தட்டுவது ஊர்ப் பெயரையும் தன் தேவையையும்தான். அவை முன்னால் வரட்டும், விடுதிப் பெயர் கடைசியில் போதும்: 'நல்லதண்ணியில் அறைகள் - சிவனொளிபாத மலை அடிவாரம்', பிறகு உங்கள் பெயர். இடம் போதாவிட்டால் கூகுள் பெரும்பாலும் வாலைத்தான் வெட்டும். கணினியில் கிடைப்பது ஏறத்தாழ 600 பிக்சல் அகலம். ஆங்கிலத்தில் அது 60 எழுத்துக்குக் கிட்டவரும். தமிழ் எழுத்து அகலமானது, அதனால் குறைவாகவே அடங்கும். எழுத்தெண்ணும் கருவிகளையும் அப்படியே நம்பாதீர்கள்: 'ஹட்டன்' நமக்கு நான்கு எழுத்து, பல கருவிகள் புள்ளிகளையும் சேர்த்து ஆறு என்று காட்டும்.

உங்கள் ஊருக்கு இதைவிட முக்கியமானது பெயர். நம்மவர்கள் சிவனொளிபாத மலை என்றும் சிவனடிபாத மலை என்றும் தேடுவார்கள். வெளிநாட்டவருக்கு அது 'ஆடம்ஸ் பீக்', நல்லதண்ணியோ 'டல்ஹவுசி'. எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் அடுக்கினால் படிக்கவும் முடியாது, கூகுளும் அதைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போடக்கூடும். ஆங்கிலப் பக்கத்துக்கு அந்த ஆங்கிலப் பெயர்கள், தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழ்ப் பெயர் ஒன்று. மற்ற வழக்கைப் பக்கத்தின் உள்ளே எழுதுங்கள்.

தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலத் தலைப்பு வைப்பது மலையகத் தளங்களில் சகஜம். பக்கம் எந்த மொழியிலோ அந்த மொழித் தலைப்பையே கூகுள் காட்டப் பார்க்கும், பொருந்தாவிட்டால் பக்கத்தின் பெரிய தலைப்பு வரியிலிருந்து தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும். கூகுள் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முறையில் 2021 ஓகஸ்டில் வந்த மாற்றத்துக்குப் பிறகு அந்த வரிக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. அதையும் தலைப்பையும் ஒரே பொருளில் எழுதுங்கள்.

கட்டணப் பக்கத்தில் ஆண்டு போடுவதென்றால் கவனம். மலையேறும் யாத்திரைச் சீசன் டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி வெசாக்கில் முடிவதால் ஒரே சீசன் இரண்டு ஆண்டுகளைத் தொடும். 2023 என்று போட்டு மறந்தால் அடுத்த சீசனில் அது பழைய விலை என்று நினைத்து ஆட்கள் கடந்துபோவார்கள். ஆண்டுதோறும் திருத்த ஆளில்லையென்றால் 'சீசன் கட்டணம்' என்று விடுவதே நல்லது.

தளம் வேர்ட்பிரஸில் செய்தது என்றால் யோஸ்ட் அல்லது ரேங்க் மேத் செருகுநிரலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்புக் கட்டம் உண்டு. சில தீம்கள் தாமும் ஒரு தலைப்பைப் போட்டுவிடும். பக்கத்தின் மூலநிரலைத் திறந்து தலைப்பு ஒன்றுதானா என்று பாருங்கள்.

மாற்றியதும், தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சேர்ச் கன்சோல் கருவியில் அந்த முகவரியைக் கொடுத்து மீண்டும் படிக்கக் கேளுங்கள். புதிய தலைப்பு தெரியச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அதற்குள் திரும்பத் திரும்ப மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. சீசனுக்காக எழுதுவதென்றால் ஒக்டோபரிலேயே முடித்துவிடுங்கள்.